வார நாட்களின் வழிபாடு

சமயம் எங்கே காணப்படுகின்றது என்னும் வினாவுக்கு எளிதில் சொல்லிவிடக்கூடிய விடைகள் பல உண்டு. கோபுரத்திலும் மணியோசையிலும், ஏற்றிவைத்த மெழுகுவர்த்தியிலும், முழந்தாளிட்டுக் குனிந்த தலையிலும் அது காணப்படுகின்றது என்பார்கள். இவை சமயத்தின் அடையாளங்கள் என்பதில் ஐயமில்லை. எனினும் அடையாளம் வேறு, பொருள் வேறு. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் தேவாலயத்தில் அமர்ந்திருந்தவர், திங்கட்கிழமை காலையில் தம் கடையில் தராசை எப்படிப் பிடிக்கின்றார், கூலியாளுக்குச் சேரவேண்டிய காசை எப்படி எண்ணுகின்றார், வாயிலில் வந்து நிற்கும் அயலாரை எந்த முகத்தோடு பார்க்கின்றார் என்பவற்றைக் கொண்டே அவருடைய விசுவாசத்தின் உண்மை வெளிப்படும். தேவாலயத்தில் கேட்ட சொல் வார நாட்களில் செயலாகாவிட்டால், அது காதோடு நின்றுபோன சொல்லே ஆகும்.

இயேசு பெருமான் உரைத்த உவமைகளுள் இவ்வுண்மையை நல்ல சமாரியன் கதையைப் போல் விளக்குவது பிறிதொன்றில்லை. எருசலேமிலிருந்து எரிகோவுக்குச் செல்லும் வழியில் கள்வர் கையில் அகப்பட்டவன் ஒருவன் குற்றுயிராய்க் கிடந்தான். ஆலயப் பணிக்குரிய குரு ஒருவர் அவ்வழியே வந்தார், விலகிச் சென்றார். லேவியர் ஒருவர் வந்தார். அவரும் விலகிச் சென்றார். யூதர்கள் தாழ்வாகக் கருதிய சமாரியன் ஒருவனே நின்றான். அவன் செய்தவற்றை எண்ணிப் பார்த்தால் வியப்புத் தோன்றும். காயத்தில் எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்தான், துணியால் கட்டினான், தான் ஏறிவந்த விலங்கின்மேல் ஏற்றினான், சத்திரத்தில் சேர்த்துப் பேணினான், மறுநாள் சத்திரக்காரனிடம் இரண்டு வெள்ளிக்காசு கொடுத்தான், மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொன்னான். இக்கதையில் அற்புதம் ஏதும் நிகழவில்லை. எண்ணெய், துணி, விலங்கு, காசு ஆகிய அன்றாடப் பொருள்களே வருகின்றன. வழிப்போக்கன் ஒருவனின் மூட்டையில் இருந்த பொருள்களே அன்று அருளின் கருவிகள் ஆயின.

தமிழ் படித்தவருக்கு இக்கருத்து அயலானதன்று. திருக்குறளின் 95-ஆம் அதிகாரமாகிய 'மருந்து' என்பதன் இறுதிக் குறளில், மருத்துவம் நான்கு கூறுகளை உடையது என்கின்றார் வள்ளுவர். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து ஆகிய மூன்றோடு, அருகிலிருந்து மருந்தை ஊட்டிப் பணிவிடை செய்பவனையும் நான்காவதாக எண்ணுகின்றார். மருத்துவனின் பெயர் ஊரெல்லாம் பரவும். அருகிருந்து பார்ப்பவரின் பெயரோ பெரும்பாலும் வெளியே தெரியாது. அத்தகையவரையும் மருத்துவத்தின் ஒரு கூறாகவே வைத்தது அவருடைய நுண்ணறிவு. இக்காலத்தில் தாதி என்று அழைக்கப்படுபவரின் இடம் அதுவே. அந்த இடத்தில் நின்றுகொண்டு, தம் கிறிஸ்துவ விசுவாசத்தை நாள்தோறும் வாழ்ந்து காட்டிய பெண்மணி ஒருவர் பேராக் மாநிலத்தில் இருந்தார். அவர் பெயர் சிபில் கார்த்திகேசு.

1899-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள் சுமத்திராத் தீவின் மேடான் நகரில் பிறந்தவர் சிபில். தந்தையார் அயர்லாந்து வழிவந்த யுரேசியர். தாயார் பிரெஞ்சு வழிவந்த யுரேசியர், தொழிலால் மருத்துவச்சி. சிபிலும் தாயின் தொழிலையே மேற்கொண்டு தாதியாகவும் மருத்துவச்சியாகவும் பயின்றார். 1919-ஆம் ஆண்டு கோலாலம்பூர், புக்கிட் நனாஸ் குன்றிலுள்ள புனித யோவான் தேவாலயத்தில் அவருடைய திருமணம் நடைபெற்றது. மணமகன் தைப்பிங்கைச் சேர்ந்த இலங்கைத் தமிழர். ஆறுமுகம் கணபதிப்பிள்ளை என்னும் பெயருடையவர். டாக்டர் அப்டன் கிளமெண்ட் கார்த்திகேசு என்று பின்னர் அறியப்பட்டவர். சமயத்தை முன்னிட்டுத் தொடக்கத்தில் பெற்றோர் தரப்பில் மறுப்பு இருந்தது. அம்மறுப்பைக் கடந்து அமைந்தது அந்த இல்லறம்.

இல்லறத்தின் முதல் பரிசு துயரமாக வந்தது. தலைமகன் மைக்கேல் பிறந்து 19 மணி நேரமே உயிரோடு இருந்தான். ஊரார் பிள்ளைகளைக் கையில் ஏந்தி உலகுக்கு வரவேற்கும் தொழிலுடைய ஒரு பெண்ணுக்கு, தன் பிள்ளை கையிலேயே அடங்கிப்போன துன்பம் எத்தகையதாக இருந்திருக்கும்? அத்துன்பத்தால் அவர் தொழிலை வெறுக்கவில்லை; இறைவனையும் வெறுக்கவில்லை. வில்லியம் என்னும் ஆண்குழந்தையைத் தத்தெடுத்து வளர்த்தனர் கணவனும் மனைவியும். பின்னர் ஓல்காவும், 1936-இல் டோனும் மகள்களாகப் பிறந்தனர். வெற்றிடம் ஒன்று நேர்ந்தால் அதைக் கசப்பால் நிரப்புவதும் அன்பால் நிரப்புவதும் மனிதரின் கையில்தான் உள்ளன. விசுவாசம் என்பது முதன்முதலில் இத்தகைய வீட்டுச் சோதனையில்தான் நிறுத்துப் பார்க்கப்படுகின்றது.

1926-ஆம் ஆண்டு முதல் ஜப்பானியர் படையெடுப்பு வரையில் ஈப்போ, புரூஸ்டர் சாலை 141-ஆம் எண் கட்டடத்தில் கார்த்திகேசு தம்பதியர் மருத்துவ நிலையம் நடத்தினர். அச்சாலை இக்காலத்தில் சுல்தான் இட்ரிஸ் ஷா சாலை என வழங்குகின்றது. ஈயம் விளைந்த கிந்தாப் பள்ளத்தாக்கின் நடுவில் வளர்ந்த நகரம் ஈப்போ. சுரங்கத்தில் உழைத்த சீனரும், தோட்டத்திலும் இரயில் பாதையிலும் உழைத்த தமிழரும், கம்பத்து மலாய்க்காரரும் அங்கே கலந்து வாழ்ந்தனர். சிபில் கண்டோனீஸ் மொழியைச் சரளமாகப் பேசக்கூடியவர். நோயாளியின் மொழியில் பேசுவது பாதி மருந்து என்பதைச் சிகிச்சை பெற்றவர்கள் அறிவார்கள். பதினைந்து ஆண்டுகள் அந்தக் கதவு பலருக்காகத் திறந்திருந்தது. வரலாற்று நூல்கள் இந்தப் பதினைந்து ஆண்டுகளை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. உண்மையில் அவருடைய வாழ்வின் வேர் ஓடியிருந்தது அங்கேதான்.

மருத்துவச்சியின் பணியில் கவர்ச்சி ஏதும் இல்லை. நீரைக் கொதிக்க வைக்கவேண்டும். கத்தரியையும் நூலையும் துணியையும் தூய்மை செய்யவேண்டும். வலியால் துடிப்பவளின் ஏச்சையும் கேட்டுக்கொள்ளவேண்டும். எந்த நேரத்தில் ஆள் வந்தாலும் எழுந்து புறப்படவேண்டும். இங்கே விசுவாசம் எவ்வாறு வெளிப்படும்? செபமாலையை உருட்டிக்கொண்டு, கைகழுவ மறந்த தாதியால் தாயும் சேயும் மாய்வர். தொழிலைத் திருத்தமாகச் செய்வதே அங்கே முதல் செபம். ஏழையின் குடிசைக்குப் போகும்போதும் செல்வரின் மாளிகைக்குப் போகும்போதும் ஒரே அளவு நேரம் நீர் கொதித்தது என்றால், அந்த நீரிலே இறையச்சம் கலந்திருந்தது என்று கொள்ளலாம். கடவுள் பெயரால் செய்யும் வேலை, மனிதர் பார்வைக்காகச் செய்யும் வேலையினும் குறைவுடையதாக இருத்தல் ஆகாது.

1941-ஆம் ஆண்டு டிசம்பரில் போர் மலாயாவை வந்து தாக்கியது. அம்மாத இறுதிக்குள் ஈப்போ ஜப்பானியர் வசமாயிற்று. அதற்குச் சில நாட்களுக்கு முன்னரே கார்த்திகேசு குடும்பத்தினர் அருகிலிருந்த பப்பான் என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தனர். மலாய் மொழியில் பப்பான் என்றால் பலகை. ஈயச் சுரங்கத்தால் வாழ்ந்த ஊர் அது. பெருந்தெருவில் 74-ஆம் எண் கடைவீடு அவர்களுக்கு இல்லமும் மருத்துவ நிலையமும் ஆயிற்று. ஆட்சி மாறியது, வாழைமரப் படம் பொறித்த தாள்பணம் புழக்கத்துக்கு வந்து நாளுக்கு நாள் மதிப்பிழந்தது, அரிசி அரிதாகி மரவள்ளிக் கிழங்கே பலருக்கு உணவாயிற்று, மருந்தோ அரிசியினும் அரிதாயிற்று. பஞ்சமும் நோயும் இணைபிரியாத் தோழர்கள் ஆதலால், அந்தக் கடைவீட்டில் வேலைக்குக் குறைவிருக்கவில்லை.

அப்போதுதான் புதிய நோயாளிகள் வரத் தொடங்கினர். அவர்கள் முன்வாயிலில் வரவில்லை. இரவில், வீட்டின் பின்புறமாக வந்தனர். மலைக்காட்டில் மறைந்திருந்து போரிட்ட மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படையைச் சேர்ந்தவர்கள் அவர்கள். சிலர் குண்டடி பட்டிருந்தனர். சிலர் காய்ச்சலில் நடுங்கினர். அவர்களுக்குச் சிகிச்சை செய்வது மரண தண்டனைக்கு உரிய குற்றமாகக் கருதப்பட்ட காலம் அது. அன்றியும், அப்படையை வழிநடத்தியது மலாயாக் கம்யூனிஸ்ட் கட்சி. கடவுள் இல்லை என்னும் கொள்கையுடையவர்களுக்கும், நாள்தோறும் செபம் சொல்லும் கத்தோலிக்கப் பெண்மணிக்கும் கொள்கையளவில் எந்த ஒட்டும் இல்லை. ஆயினும் அவர் காயத்தைக் கழுவினார், மருந்திட்டார், கட்டுக் கட்டினார். சமாரியன் தரையில் கிடந்தவனை நோக்கி அவன் எந்த மலையில் தொழுபவன் என்று கேட்டதாக உவமையில் இல்லை. பப்பான் கடைவீட்டிலும் அந்தக் கேள்வி எழவில்லை.

அவ்வீட்டில் வானொலியும் மறைத்து வைக்கப்பட்டிருந்தது. பி.பி.சி. செய்தியைக் கேட்டு, நம்பிக்கைக்கு உரியவர்களிடம் அதைப் பகிர்ந்துகொண்டார் சிபில். அயல்நாட்டு ஒலிபரப்பைக் கேட்பதே பெருங்குற்றமாக இருந்த நாட்களில் இஃது உயிரைப் பணயம் வைத்த செயலாகும். பொய்ச்செய்தி மட்டுமே ஊரில் உலவும்போது உண்மையைத் தெரிந்துகொள்வதும் தெரிவிப்பதும் ஒருவகை மருத்துவமே. உடல் நோய்க்கு மருந்து கொடுத்தவர், அச்சம் என்னும் நோய்க்கு உண்மையை மருந்தாகக் கொடுத்தார்.

1943-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் எல்லாம் வெளிப்பட்டது. கணவரும் சிபிலும் கைதாயினர். கெம்பெய்த்தாய் என்னும் ஜப்பானிய இராணுவக் காவற்படையினர் அவரை விசாரித்த முறையை விரித்தெழுதத் தேவையில்லை. வலுக்கட்டாயமாக நீரைப் புகட்டுவது முதலிய கொடுமைகள் அந்த விசாரணையில் அடங்கியிருந்தன. அவர்கள் கேட்டது பெயர்களை. காட்டிலிருந்து வந்தவர் யார், உதவியவர் யார் என்னும் விவரங்களை. அவர் பெயர்களைச் சொல்லவில்லை. பொய் சொல்லாதே என்னும் கட்டளையை அறிந்த அப்பெண்மணி, நம்பி வந்தவரைக் காட்டிக்கொடாதே என்னும் கடமையையும் அறிந்திருந்தார். பின்னர் பத்து காஜாச் சிறையில் அடைக்கப்பட்டு, 1945-ஆம் ஆண்டு போர் முடியும் வரையில் அங்கேயே கிடந்தார்.

எல்லாவற்றினும் கொடிய சோதனை வேறொன்று. ஏழு வயதை ஒட்டிய இளைய மகள் டோனைக் கொண்டுவந்து, மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, அடியில் தீ மூட்டினார்கள். தாய் வாய் திறக்கவேண்டும் என்பதற்காக. மேலதிகாரி ஒருவர் தலையிட்டதால் குழந்தை பிழைத்தது. தாய் அப்போதும் பெயர்களைச் சொல்லவில்லை.

இந்த இடத்தில் நடுநிலையாளர் யாரும் சற்றே நின்றுவிடுவர். தன் உயிரைக் கொடுக்க ஒருவருக்கு உரிமை உண்டு. தன் குழந்தையின் உயிரைப் பணயம் வைக்க உரிமை உண்டா? வகுப்பறையில் மாணவர் ஒருவர் இவ்வினாவை எழுப்பினால், ஆசிரியர் அதை அடக்கிவிடலாகாது. அஃது அறம் சார்ந்த வினா. எளிய விடை அதற்கு இல்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். அத்தாய் பெயர்களைச் சொல்லியிருந்தால், வேறு பல வீடுகளில் வேறு பல தாய்மாரின் பிள்ளைகள் அதே மரத்தடிக்குக் கொண்டுவரப்பட்டிருப்பார்கள். பெற்ற பிள்ளைக்கும் பிறர் பிள்ளைக்கும் இடையே துலாக்கோலை நிறுத்தச் சொன்னவர்கள் கொடியவர்கள். அந்தத் துலாக்கோலின்முன் நின்ற தாயைத் தீர்ப்பிடும் தகுதி, பாதுகாப்பான நாட்களில் வாழ்பவர்களுக்கு எளிதில் வாய்ப்பதன்று. விசுவாச வாழ்வு விலையில்லாமல் கிடைக்கும் என்று சொல்பவர்கள் உண்மையைச் சொல்பவர்கள் அல்லர். சில வேளைகளில் அவ்விலையின் ஒரு பங்கு, அதைக் கொடுக்க உடன்படாதவர்கள் தலையிலும் விழுந்துவிடுகின்றது. இதை மறைத்துவிட்டு அவருடைய வரலாற்றைச் சொல்வது, அவர் பட்ட துன்பத்தையே குறைத்துச் சொல்வதாகும்.

விடுதலைக்குப்பின் சிகிச்சைக்காக அவரை விமானத்தில் இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றனர். அங்கே தம் அனுபவங்களை நூலாக்கத் தொடங்கினார். 'நோ டிராம் ஆஃப் மெர்சி' என்னும் அந்நூல் அவர் மறைந்தபின், 1954-இல் வெளிவந்தது. வீரத்துக்குரிய ஜார்ஜ் பதக்கம் மறைவுக்குச் சில மாதங்களுக்குமுன் வழங்கப்பட்டது. 1948-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள், நாற்பத்தெட்டு வயதில் அவர் உயிர்நீத்தார். ஸ்காட்லாந்தின் லானார்க்கில் அடக்கம் செய்யப்பட்ட உடல், மறு ஆண்டு ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டு, புனித மிக்கேல் தேவாலயத்தை ஒட்டிய கத்தோலிக்கக் கல்லறையில் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டது.

அவர் கண்மூடிய அதே மாதம் 18-ஆம் நாள் மலாயா முழுவதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. நேற்றுவரை நேசப்படையினர் என்று பாராட்டப்பட்ட காட்டுப் போராளிகள், இப்போது அரசின் பகைவர் ஆயினர். ஜப்பானியருக்குக் குற்றமாகத் தோன்றிய சிகிச்சை பிரிட்டிஷாருக்கு வீரமாகத் தோன்றியது. அவசரகாலத்தில் அதே சிகிச்சை மீண்டும் குற்றமாகத் தோன்றியிருக்கும். அரசியலின் நிறம் ஆண்டுக்கு ஆண்டு மாறும். புண்ணின் நிறம் மாறுவதில்லை. ஆட்சியாளரின் புகழையோ இகழையோ அளவுகோலாகக் கொண்டு ஒருவர் நன்மை செய்யத் தொடங்கினால், காற்றடிக்கும் திசையெல்லாம் அவர் சுழலவேண்டியிருக்கும். சிபிலின் அளவுகோல் எதிரே இருந்த மனிதரின் காயமாக இருந்தது. ஆதலால் அவருக்குச் சுழலவேண்டிய தேவை ஏற்படவில்லை.

இத்தகையவர்களின் வரலாற்றைப் படிப்பதில் ஓர் இடர் உண்டு. வியந்து போற்றிவிட்டு நூலை மூடிவைத்துவிடும் இடர் அது. கொடுங்கோலரும் சிறையும் வாய்த்தால்தானே இத்தகைய உறுதியைக் காட்டமுடியும், அமைதியான நாட்டில் அலுவலகத்துக்குப் போய்வரும் எளியவருக்கு இதனால் ஆவது என்ன என்று மனம் தப்பித்துக்கொள்ளப் பார்க்கும். அதற்கு விடை, வரலாறு ஒரு வரியில் கடந்துவிடும் அந்தப் பதினைந்து ஆண்டுகளிலேயே உள்ளது. 1943-இல் அவர் வாய் மூடியிருந்தது திடீரென்று வானத்திலிருந்து இறங்கிய வலிமையால் மட்டும் அன்று. கதவு தட்டப்பட்டபோதெல்லாம் எழுந்து திறந்து பழகிய கை, ஆபத்தான இரவிலும் திறந்தது. இனம் பாராமல் மருந்திட்டுப் பழகிய மனம், கொள்கை பாராமலும் மருந்திட்டது. ஒருவரின் நோய் வேறொருவர் காதுக்குப் போகாமல் காத்துப் பழகிய நா, பெயர்களையும் காத்தது. சிறுகச் சிறுகச் சேர்த்த நெல்லே பஞ்சத்தில் குதிரில் இருக்கும். பஞ்சம் வந்தபின் விதைப்பவன் அறுவடையைக் காண்பதில்லை.

விதைக்கும் நாட்கள் எல்லாருக்கும் வாய்த்துள்ளன. கணக்குப் புத்தகத்தில் ஒரு சிறு எண்ணைத் திருத்தச் சொல்லும் முதலாளியிடம் பணிவோடு மறுக்கும் எழுத்தர், கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் மெல்லக் கற்கும் மாணவனின் கட்டுரைக்கும் முழுக் கவனத்தோடு திருத்தம் எழுதும் ஆசிரியர், வேற்றுச் சமயத்து அண்டை வீட்டாரின் இழவுக்கு முதல் ஆளாய்ப் போய் நாற்காலி எடுத்துப் போடும் இளைஞர், மருத்துவமனையில் பார்க்க ஆளில்லாத முதியவருக்குக் கஞ்சி ஊட்டும் தாதி ஆகிய இவர்களின் செயல்கள் எந்த நூலிலும் ஏறுவதில்லை. ஆயினும் விசுவாசம் அங்கேதான் உடல் எடுத்து நடமாடுகின்றது. கிறிஸ்துவர் இதை இயேசுவைப் பின்பற்றுதல் என்பர். குறள் படித்தவர் இதை அருளுடைமை என்பர். பெயர் எதுவாயினும், செய்யும் கைக்கு அடையாளம் ஒன்றே.

ஈப்போவில் சிபில் கார்த்திகேசுவின் பெயரால் ஒரு சாலை உண்டு. பப்பானில் அவர் வாழ்ந்த 74-ஆம் எண் வீடு பின்னாளில் நினைவில்லம் ஆயிற்று. சாலைக்குப் பெயரிடுவதும் இல்லத்தைப் பேணுவதும் நன்றியுடைய மக்களின் கடமை. அக்கடமை செய்யப்பட்டது நன்றே. ஆனால் வள்ளுவர் நான்காம் இடத்தில் வைத்துப் போற்றிய அந்தப் பணியாளருக்கு மெய்யான நினைவுச்சின்னம் கல்லால் ஆவதன்று. அயலார் ஒருவர் அகால நேரத்தில் வந்து கதவைத் தட்டும்போது, யார் என்று கேட்பதற்கு முன்பே தாழ்ப்பாளை நோக்கி நீளும் ஒரு கையே அந்த நினைவுச்சின்னம்.